"எனக்கு" என்று தொடங்குங்கள், "கெட்" வந்துவிடும்: ஆங்கிலம் பேசத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆங்கிலம் பேச ஆரம்பிக்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது மூன்றெழுத்து, நான்கெழுத்து வினைச்சொற்களில்தான். நீளமான சொல்லுக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு பொருள்தான் இருக்கும். அகராதியில் ஒரு தடவை பார்த்தால் போதும். குட்டிச் சொற்களின் கதை வேறு. ஆக்ஸ்ஃபர்ட் ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-ல் 20 தொகுதிகளாக வந்தபோது, அதிலேயே மிக நீளமான பதிவு "செட்" என்ற சொல்லுக்குத்தான் இருந்தது. அப்புறம் அடுத்த பதிப்புக்காக பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் "ரன்" என்ற சொல்லைக் கையில் எடுத்தார். அந்த வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள்களைப் பிரித்துக் காட்டினார்.

இந்தக் குட்டிச் சொற்களில் பேச்சுக்கு முதலில் தேவைப்படுவது "கெட்". காலையில் எழுவது, வேலைக்குப் போய்ச் சேருவது, கோபம் வருவது, கல்யாணம் ஆவது, காய்ச்சல் பிடிப்பது, சொன்னது புரிவது எல்லாவற்றுக்கும் இது வரும். இதன் பொருள்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய முயன்று பாதியில் விட்டவர்கள் ஏராளம். அது பட்டியலுக்கு அடங்குகிற சொல் இல்லை.

நம்மிடமும் இப்படிப்பட்ட சொற்கள் உண்டு. "எடு" என்பதையே பாருங்கள். பசி எடுக்கிறது, போட்டோ எடுக்கிறார்கள், லீவு எடுக்கிறோம், முடிவு எடுக்கிறோம், தீபாவளிக்குத் துணி எடுக்கிறோம், வாந்தி எடுக்கிறோம். "எடு" என்பதற்கு எத்தனை பொருள் என்று எண்ணிப் பார்த்து யாரும் தமிழ் கற்றதில்லை. பக்கத்தில் நிற்கிற சொல்லைக் கேட்டதும் பொருள் தானாகத் தெரிந்துவிடுகிறது. "கெட்" விஷயத்திலும் இதைத்தான் செய்யவேண்டும். அதற்குப் பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. அது தமிழ் பேசுகிறவர்களுக்கென்றே அமைந்த குறுக்குவழி. அதை இரண்டாம் படியில் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் படி: உருவத்தையும் ஒலியையும் பிடியுங்கள்

நிகழ்காலம் "கெட்", இறந்தகாலம் "காட்", தொடர்ந்து நடப்பது "கெட்டிங்". மூன்றாவது உருவம் பிரிட்டனில் "காட்", அமெரிக்காவில் பெரும்பாலும் "காட்டன்". இந்த "காட்டன்" அமெரிக்கர்கள் புதிதாகக் கண்டுபிடித்தது என்று சிலர் நினைக்கிறார்கள். அது பழைய ஆங்கில வழக்கு. பிரிட்டனில் மங்கிப்போனது, அமெரிக்காவில் நிலைத்துவிட்டது. இரண்டும் சரிதான். ஒரே ஆள் ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

ஒலியில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அமெரிக்கர்கள் பேசும்போது "கெட் இட்" என்பது "கெடிட்" என்று ஒட்டிக்கொண்டு விழும். "கெட்டிங்" என்பதில் வருகிற ட் மெலிந்து, நம் "ட"வுக்கும் "ர"வுக்கும் நடுவில் ஒலிக்கும். எழுத்தைப் பார்த்து மட்டுமே படித்தவர்களுக்கு, தெரிந்த சொல்தான் காதில் விழுகிறது என்பதே முதலில் பிடிபடாது. அதனால் ஆரம்பத்திலிருந்தே காதையும் சேர்த்துப் பழக்குங்கள்.

இரண்டாம் படி: "எனக்கு" என்று தொடங்கும் வாக்கியங்களைத் திரட்டுங்கள்

ஒரு நாளில் நாம் "எனக்கு" என்று தொடங்கி எத்தனை வாக்கியம் பேசுகிறோம் என்று கவனியுங்கள். எனக்குக் கடிதம் வந்தது. எனக்கு வேலை கிடைத்தது. எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. எனக்குப் பசி எடுத்தது. எனக்குக் கோபம் வந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. எனக்கு அவரைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது.

வருவது, கிடைப்பது, எடுப்பது, புரிவது, ஆவது என்று தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வினை. ஆனால் எல்லாமே தானாக வந்து என்னை அடைகின்றன. நான் அதைச் செய்யவில்லை, எனக்கு அது நேர்கிறது. ஆங்கிலத்தில் இந்த எட்டு வாக்கியத்தையும் "ஐ காட்" என்று தொடங்கலாம். "ஐ காட் எ லெட்டர்", "ஐ காட் எ ஜாப்", "ஐ காட் எ ஃபீவர்", "ஐ காட் ஹங்ரி", "ஐ காட் ஆங்ரி", "ஐ காட் இட்", "ஐ காட் மேரிட்", "ஐ காட் டு மீட் ஹிம்".

"எனக்கு" என்று மனதில் எழுகிற வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொல்லும்போது "டு மீ", "ஃபார் மீ" என்று தொடங்கித் திணறுவது நம்மவர்களிடம் அடிக்கடி நடக்கிறது. அந்த இடத்தில் "ஐ காட்" என்று வாயைத் திறந்துவிடுங்கள். வாக்கியத்தின் பாதி வந்துவிடும். "அவனுக்கு" என்றால் "ஹி காட்", "எங்களுக்கு" என்றால் "வி காட்".

எல்லா "எனக்கு" வாக்கியத்துக்கும் இது பொருந்தாது. ஏதோ ஒன்று மாறியிருக்க வேண்டும். நேற்று இல்லாதது இன்று வந்திருக்க வேண்டும், சற்றுமுன் புரியாதது இப்போது புரிந்திருக்க வேண்டும். "எனக்கு இரண்டு பிள்ளைகள்" என்பதில் மாற்றம் எதுவும் இல்லை, அது இருக்கும் நிலை. அதற்கு "ஐ ஹேவ்". "எனக்குத் தமிழ் தெரியும்" என்றால் "ஐ நோ". "எனக்கு இட்லி பிடிக்கும்" என்றால் "ஐ லைக்". சளி பிடித்த அந்த நேரத்தைச் சொன்னால் "ஐ காட் எ கோல்ட்". பிடித்த சளி இன்னும் விடாமல் இருந்தால் "ஐ ஹேவ் எ கோல்ட்". "ஹேவ்" என்ற வீட்டுக்கு வாசல் "கெட்" என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்யாண விஷயத்திலும் இப்படித்தான். தாலி கட்டிய நாளைச் சொல்ல "ஐ காட் மேரிட் இன் ஜூன்". எனக்கு மணமாகிவிட்டது என்ற நிலையைச் சொல்ல "ஐ ஆம் மேரிட்".

நினைவு வருவதற்கும் "கெட்" உதவாது. "எனக்கு ஞாபகம் வந்தது" என்றால் "ஐ ரிமெம்பர்ட்" என்பதே வழக்கு. "எனக்குத் தூக்கம் வரவில்லை" என்றால் "ஐ குடின்ட் ஸ்லீப்". இப்படிச் சில விலகல்கள் உண்டு, எதிர்ப்படும்போது குறித்துக்கொள்ளுங்கள். அவை கொஞ்சம்தான்.

மூன்றாம் படி: பின்னால் வருவது ஒரு பொருளின் பெயரா, தன்மையா?

"எனக்குக் கோபம் வந்தது" என்பதில் கோபம் ஒரு பெயர்ச்சொல். அதை அப்படியே தூக்கிப் போட்டு "ஐ காட் ஆங்கர்" என்று சொல்லிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் அங்கே பெயர்ச்சொல் நிற்காது, ஆளின் தன்மையைச் சொல்லும் சொல் வரவேண்டும். "ஐ காட் ஆங்ரி". பசிக்கு "ஹங்கர்" கிடையாது, "ஹங்ரி". பயம் வந்தால் "ஸ்கேர்ட்". தூக்கம் வந்தால் "ஸ்லீப்பி". அலுப்புத் தட்டினால் "போர்ட்". களைப்பு வந்தால் "டயர்ட்". மனதிலும் உடம்பிலும் எழுகிற உணர்ச்சிகளுக்கு இதுதான் பொது விதி.

நோய்கள் மட்டும் பெயராகவே நிற்கும். தலைவலி "எ ஹெடேக்", காய்ச்சல் "எ ஃபீவர்", சளி "எ கோல்ட்". முன்னால் அந்தச் சின்ன "எ" இருக்கிறதே, அதை விழுங்கிவிடாதீர்கள்.

தன்மைச் சொல்லோடு வரும்போது "கெட்" என்பது நம்முடைய "ஆகு". "இட்ஸ் கெட்டிங் லேட்" என்றால் நேரம் ஆகிக்கொண்டிருக்கிறது. "இட்ஸ் கெட்டிங் டார்க்" என்றால் இருட்டுகிறது. "ஹி இஸ் கெட்டிங் பெட்டர்" என்றால் உடம்பு தேறி வருகிறது. ஆஸ்பத்திரியில் ஒருவரைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது "கெட் வெல் சூன்" என்று சொல்வதும் இந்தக் கணக்குத்தான்.

ஒரு பொருளின் பெயரோடு வரும்போது "கெட்" சூழ்நிலைக்கேற்பப் பல முகங்கள் காட்டும். கடையில் "ஐ காட் திஸ் ஷர்ட் இன் டி நகர்" என்றால் வாங்கினேன். "ஐ காட் யுவர் மெசேஜ்" என்றால் வந்து சேர்ந்தது. "கெட் மீ எ கிளாஸ் ஆஃப் வாட்டர்" என்றால் போய்க் கொண்டு வா. இதில் "ஃபார் மீ" என்று நீட்டத் தேவையில்லை, ஆளைச் சொல்லி உடனே பொருளைச் சொல்லிவிடலாம். யாரோ கதவைத் தட்டும்போது "கேன் யூ கெட் தி டோர்?" என்று கேட்டால் கதவைத் திற என்று பொருள். ஹோட்டலில் பில் வந்ததும் நண்பர் "ஐல் கெட் திஸ்" என்றால் நான் கொடுத்துவிடுகிறேன் என்கிறார். நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடலாம்.

காபிக் கடையில் "கேன் ஐ கெட் எ காபி?" என்பது அமெரிக்காவில் சாதாரணம். பிரிட்டனில் இளையவர்கள் சொல்கிறார்கள், மூத்தவர்களில் சிலருக்கு அது காதில் உறுத்தும். "கேன் ஐ ஹேவ்" என்றால் இரண்டு நாட்டிலும் பழுதில்லை. நான் இதையே சிபாரிசு செய்வேன்.

புரிதலுக்கு வரும் "கெட்" பற்றி ஓர் எச்சரிக்கை. "காட் இட்" என்றால் புரிந்தது, சரி. "ஐ டோன்ட் கெட் இட்" என்றால் எனக்குப் புரியவில்லை. ஆனால் எதிரில் இருப்பவரிடம் "ஐ டோன்ட் கெட் யூ" என்றால், உங்களையே என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை என்று கொஞ்சம் கடுமையாக ஒலிக்கக்கூடும். அவர் சொன்னது காதில் விழவில்லை என்றால் "சாரி, ஐ டிடின்ட் கெட் தட்" என்று சொல்லுங்கள். குறை அவர் சொன்ன விஷயத்தின் மேலும் விழாது, ஆளின் மேலும் விழாது. அதேபோல "ஐ காட் எ டவுட்" என்று சொல்லிக் கையைத் தூக்கினால் இந்திய வகுப்பறையில் எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டு வகுப்பறையில், ஆசிரியர் சொன்னதையே நம்பவில்லை என்று எடுத்துக்கொள்ள இடம் உண்டு. அங்கே "ஐ ஹேவ் எ குவெஸ்சன்" என்று கேளுங்கள்.

நான்காம் படி: இடமும் வண்டியும்

பின்னால் ஓர் இடம் வந்தால் "கெட்" என்பது போய்ச் சேர்வது. "ஹவ் டு ஐ கெட் டு எக்மோர்?" என்றால் எழும்பூருக்கு எப்படிப் போவது. "வி காட் டு மதுரை அட் சிக்ஸ்" என்றால் ஆறு மணிக்கு மதுரை போய்ச் சேர்ந்தோம். ஊருக்கும் கட்டிடத்துக்கும் "டு" வேண்டும். "ஹோம்", "ஹியர்", "தேர்" மூன்றுக்கும் "டு" கூடாது. "கெட் டு ஹோம்" தவறு, "கெட் ஹோம்" சரி.

பஸ், ரயில், விமானம் போல உள்ளே எழுந்து நடக்கக்கூடிய வண்டி என்றால் ஏறுவது "கெட் ஆன்", இறங்குவது "கெட் ஆஃப்". கார், ஆட்டோ போல உட்கார மட்டுமே இடமுள்ள வண்டி என்றால் "கெட் இன்", "கெட் அவுட்". பைக், சைக்கிள் மீது ஏறி உட்காருவதால் அவற்றுக்கும் "ஆன்", "ஆஃப்" தான்.

நம் ஊரில் பஸ்ஸிலிருந்து இறங்குவதை "கெட் டவுன்" என்கிறோம். "கிண்டியில் கெட் டவுன் பண்ணிடுங்க" என்பது தமிழாகவே ஆகிவிட்டது. இந்தியாவுக்குள் பேச அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் லண்டனிலோ டொரண்டோவிலோ பஸ்ஸில் "ஐ வான்ட் டு கெட் டவுன்" என்றால் ஓட்டுநர் ஒரு கணம் யோசிப்பார். அங்கே "கெட் டவுன்" என்று ஒருவர் கத்தினால் தலையைக் குனி, தரையோடு படு என்று எச்சரிப்பதாக இருக்கலாம். வெளிநாடு போகிறவர்கள் "கெட் ஆஃப்" என்று மாற்றிக்கொள்வது நல்லது.

ஐந்தாம் படி: "போச்சு", "போனேன்" வரும் இடங்கள்

மழையில் நனைந்து போனேன். வழி தெரியாமல் தொலைந்து போனேன். பயந்து போனேன். களைத்துப் போனேன். டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டேன். இந்தப் "போனேன்", "மாட்டிக்கொண்டேன்" இருக்கிற இடங்களில் ஆங்கிலத்துக்குக் "காட்" கைகொடுக்கும். "ஐ காட் வெட்", "ஐ காட் லாஸ்ட்", "ஐ காட் ஸ்கேர்ட்", "ஐ காட் டயர்ட்", "ஐ காட் ஸ்டக் இன் டிராஃபிக்". பேச்சில் "டிரான்ஸ்ஃபர் ஆச்சு", "செலக்ட் ஆயிட்டான்" என்கிறோமே, அந்த "ஆச்சு"வும் இதே வகை. "ஷி காட் டிரான்ஸ்ஃபர்ட்", "ஹி காட் செலக்டெட்".

புத்தகத்தில் செயப்பாட்டு வினை என்று படித்ததுதான் இது. "வாஸ் டிரான்ஸ்ஃபர்ட்" என்றாலும் அதே செய்திதான். "காட்" போட்டால் பேச்சு இயல்பாகிறது, அது ஒருவருக்கு நேர்ந்தது என்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது. அலுவலகக் கடிதத்தில் "வாஸ்", நண்பரிடம் "காட்".

இதில் பலரும் தவறுகிற இடம் ஒன்று உண்டு. "இறந்து போனார்" என்பதிலும் "போனார்" இருக்கிறதே என்று "ஹி காட் டைட்" என்றோ "காட் எக்ஸ்பயர்ட்" என்றோ சொல்லக்கூடாது. "ஹி டைட்", மரியாதையாகச் சொல்ல "ஹி பாஸ்ட் அவே". ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஒருவர் வேண்டும், மாற்றல் உத்தரவு போட ஒருவர் வேண்டும். அதாவது வெளியிலிருந்து ஒருவர் செய்யக்கூடிய வினைகளே "காட்" பின்னால் வரும். இறப்பது, நடப்பது, விழுவது, வந்து சேர்வது போலத் தாமே நிகழ்கிற வினைகள் வராது. "இட் காட் ஹேப்பன்ட்" என்று நம்மவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். "இட் ஹேப்பன்ட்" போதும்.

"கெட் மேரிட்" பின்னால் "வித்" வராது, "டு" வரும். "ஷி காட் மேரிட் டு எ டாக்டர்". "டாக்டரோடு கல்யாணம்" என்று தமிழில் சொல்வதால் கை தானாக "வித்" எழுதிவிடும்.

ஆறாம் படி: பிறரைக் கொண்டு செய்வது

"நேற்று முடி வெட்டினேன்" என்று தமிழில் சொன்னால் சலூனுக்குப் போனேன் என்று எல்லோருக்கும் புரியும். "ஐ கட் மை ஹேர்" என்று ஆங்கிலத்தில் சொன்னால், கத்தரியை நானே எடுத்து வெட்டிக்கொண்டதாகத்தான் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். "ஐ காட் மை ஹேர் கட்" என்று சொல்லவேண்டும். வரிசை முக்கியம்: முதலில் "காட்", அப்புறம் பொருள், கடைசியில் வினையின் மூன்றாம் உருவம். டெய்லரிடம் கொடுத்துத் தைத்தால் "ஐ காட் எ பிளவுஸ் ஸ்டிச்ட்". கடையில் கொடுத்துப் போனைச் சரிசெய்தால் "ஐ காட் மை போன் ரிப்பேர்ட்". பல் பிடுங்கிக்கொண்டால் "ஐ காட் எ டூத் புல்ட் அவுட்".

யாரைக் கொண்டு என்று ஆளையும் சொல்லவேண்டுமானால் நடுவில் "டு" வரும். "ஐ காட் தி ஹெட்மாஸ்டர் டு சைன் தி ஃபார்ம்" என்றால் தலைமை ஆசிரியரிடம் பேசிக் கையெழுத்து வாங்கிவிட்டேன். "ஐ மேட் ஹிம் சைன்" என்றால் கட்டாயப்படுத்திப் போட வைத்தேன் என்ற தொனி வந்துவிடும். "கெட்" சொன்னால் கெஞ்சியோ, எடுத்துச் சொல்லியோ, நாலு தடவை நடந்தோ காரியத்தை முடித்த மாதிரி இருக்கும். "மேட்" பின்னால் "டு" வராது, "காட்" பின்னால் "டு" கட்டாயம்.

ஏழாம் படி: "காட் டு" இரண்டு வகை

இந்தப் படியில் நிதானமாக நில்லுங்கள். எழுத்தில் ஒரு சின்ன வித்தியாசம், பொருளில் பெரிய வித்தியாசம்.

"ஐ காட் டு மீட் தி கலெக்டர்." கலெக்டரைச் சந்திக்க வாய்ப்புக் கிடைத்தது. நடந்து முடிந்தது, சந்தோஷமான விஷயம்.

"ஐவ் காட் டு மீட் தி கலெக்டர்." கலெக்டரைச் சந்தித்தே ஆகவேண்டும். இன்னும் நடக்கவில்லை, வேறு வழியில்லை.

நடுவில் இருப்பது "ஹேவ்" என்பதன் சுருக்கமான ஒரே ஒரு வ் ஒலி. வேகமான பேச்சில் அதுவும் கரைந்துபோகும். அப்போது "ஐ காட்டா மீட்" என்று காதில் விழும். "காட்டா" என்று ஒட்டிக் கேட்டால் கட்டாயம் என்று எடுத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் சரியாக இருக்கும். வாய்ப்பைச் சொல்லும்போது "காட் டு" கொஞ்சம் தெளிவாகப் பிரிந்து ஒலிக்கும். அப்புறம் சூழ்நிலையும் உதவும்: "நேற்று", "போன வாரம்" என்று காலம் சொன்னால் வாய்ப்பு, "நாளைக்குள்", "இப்போதே" என்றால் கட்டாயம்.

"ஐவ் காட்" தனியாக வந்தால் வெறும் "என்னிடம் இருக்கிறது" என்று பொருள். "ஐவ் காட் எ கார்" என்றால் என்னிடம் கார் இருக்கிறது. உருவத்தில் இறந்தகாலம் போல இருந்தாலும் பொருளில் நிகழ்காலம். இதே இடத்தில் அமெரிக்கர் "ஐவ் காட்டன் எ கார்" என்றால் கார் கையில் கிடைத்துவிட்டது என்று சொல்கிறார். முதல் படியில் பார்த்த அந்த இரண்டு உருவங்களையும் அவர்கள் இப்படிப் பிரித்து வேலை வாங்குகிறார்கள். பேசத் தொடங்கும்போது "ஐ ஹேவ் எ கார்" என்று சொன்னாலே எங்கும் செல்லும். ஆனால் மற்றவர் "ஐவ் காட்" என்றால் குழம்பாமல் இருக்க இது தெரிந்திருக்க வேண்டும்.

எட்டாம் படி: ஒட்டிக்கொள்ளும் சின்னச் சொற்கள்

அப், ஓவர், பை, த்ரூ, பேக், அலாங் என்று "கெட்" பின்னால் ஒட்டுகிற சொற்கள் ஒரு பெரிய கூட்டம். இருபது முப்பதை ஒரே மூச்சில் படித்தால் இரண்டு நாளில் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். வாரத்துக்கு இரண்டு போதும்.

உங்களுக்கு ஏற்கெனவே சில தெரியும். நண்பர்கள் கூடுவதைக் "கெட் டுகெதர்" என்கிறோம். கோபத்தில் "கெட் அவுட்" என்கிறோம். படத்தில் நடிகர் "கெட்டப்" மாற்றிக்கொண்டு வந்தார் என்கிறோமே, அந்தக் "கெட்டப்" ஆங்கிலத்தில் உடை, வேஷம் என்று பொருள்படும் பெயர்ச்சொல். வினையாக வரும் "கெட் அப்" என்றால் படுக்கையிலிருந்தோ நாற்காலியிலிருந்தோ எழுவது.

அடுத்ததாகக் "கெட் ஓவர்" கற்றுக்கொள்ளுங்கள். காய்ச்சலிலிருந்து மீள்வது, அதிர்ச்சியிலிருந்து மீள்வது, காதல் முறிவிலிருந்து மீள்வது எல்லாவற்றுக்கும் அதுதான். "கெட் த்ரூ" என்றால் ஒன்றுக்குள் நுழைந்து மறுபக்கம் வந்துவிடுவது: பரீட்சையில் தேறுவது, கஷ்டகாலத்தைக் கடப்பது, பலமுறை அடித்த பிறகு போன் கிடைப்பது. "கெட் பை" என்றால் இருப்பதை வைத்துச் சமாளிப்பது. "மை இங்கிலீஷ் இஸ் நாட் கிரேட், பட் ஐ கெட் பை" என்று ஒருவர் சொன்னால், பெரிதாக வராது, ஆனால் ஓட்டிவிடுவேன் என்கிறார். முதல் வாரத்திலேயே உங்களுக்கு உபயோகமாகிற வாக்கியம் அது.

அலுவலகத்தில் மிகவும் தேவைப்படுவது "ஐல் கெட் பேக் டு யூ". இப்போது பதில் தெரியவில்லை, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று பொருள். இந்திய அலுவலகங்களில் இதற்கு "ரிவர்ட்" என்று எழுதும் வழக்கம் உண்டு. வெளிநாட்டவர் பலருக்கு அது பழைய நிலைக்குத் திரும்புவது என்றே படும். ஒருவரோடு ஒத்துப்போவதற்கு அமெரிக்காவில் "கெட் அலாங் வித்", பிரிட்டனில் "கெட் ஆன் வித்". தண்டனையில்லாமல் தப்பிப்பது "கெட் அவே வித்". தொலைத்துத் தலைமுழுகுவது "கெட் ரிட் ஆஃப்".

ஒன்பதாம் படி: எங்கே "கெட்" வேண்டாம்

இந்தச் சொல்லின் பூர்வீகம் தெரிந்தால் இந்தப் படி சுலபம். ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் வழியாக வந்த வைக்கிங்குகள் ஒன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினார்கள். அவர்கள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் "கெட்டா" என்றால் அடைவது. அந்த மொழியிலிருந்துதான் "டேக்", "எக்", "ஸ்கை", "தே" போன்ற சொற்களும் ஆங்கிலத்துக்கு வந்தன. பக்கத்துப் பக்கத்து வீட்டில் வாழ்ந்த சனங்களின் பேச்சு வழியாக வந்த சொற்கள் அவை. 1066-ல் பிரான்சின் வடக்கிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, அரசவை, நீதிமன்றம், திருச்சபை ஆகியவற்றின் வழியே பிரெஞ்சுச் சொற்கள் புகுந்தன. "ரிசீவ்", "அப்டெய்ன்", "அரைவ்" எல்லாம் பிரெஞ்சு வழி வந்தவை. வீட்டுப் பேச்சுக்கு ஒரு சொல், எழுதும் மேசைக்கு ஒரு சொல் என்று ஆங்கிலத்தில் இரட்டையாக இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

ஆகவே விண்ணப்பம், புகார்க் கடிதம், ஆய்வுக் கட்டுரை எழுதும்போது "கெட்" இருந்த இடத்தில் மேசைச் சொல்லைப் போடுங்கள். "ஐ காட் யுவர் லெட்டர்" என்பது "ஐ ரிசீவ்ட் யுவர் லெட்டர்" ஆகும். "கெட் எ விசா" என்பது "அப்டெய்ன் எ விசா" ஆகும். விலை ஏறிக்கொண்டே போகிறது என்பதைக் "கெட்டிங் ஹையர்" என்று எழுதாமல் "ரைசிங்" என்று எழுதலாம். வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில், ஜெனரல் டிரெய்னிங் வகையின் எழுத்துப் பகுதியில் முதல் கேள்வி ஒரு கடிதம். நண்பருக்கு எழுதச் சொன்னால் "கெட்" தாராளமாக வரலாம், வந்தால்தான் கடிதம் இயல்பாக இருக்கும். நிறுவன மேலாளருக்கு எழுதச் சொன்னால் குறைத்துக்கொள்ளுங்கள்.

சிலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். டீக்கடையில் நின்று பேசும்போதும் "ஐ ஹேவ் ரிசீவ்ட்", "ஐ ஹேவ் அப்டெய்ன்ட்" என்று பேசுவார்கள். இலக்கணம் சரியாகத்தான் இருக்கும், ஆனால் எதிரில் இருப்பவர் ஓரடி தள்ளி நின்று பேசத் தொடங்கிவிடுவார். பேச்சில் "கெட்" போடத் தயங்காதீர்கள். அது கொச்சை இல்லை.

பழகும் முறை

ஒரு நோட்டில் தினமும் இரவு, அன்றைக்கு உங்களுக்கு நேர்ந்ததை ஐந்து "எனக்கு" வாக்கியங்களாகத் தமிழில் எழுதுங்கள். எனக்குச் சம்பளம் வந்தது. பஸ்ஸில் எனக்கு சீட் கிடைத்தது. மத்தியானம் எனக்குத் தலைவலி வந்தது. பக்கத்திலேயே ஆங்கிலத்தில் "ஐ காட்" போட்டு எழுதுங்கள். பொருந்தாத வாக்கியம் வந்தால் அழிக்காமல் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள், ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவரிடம் காட்டிக் கேட்கலாம். எழுதியதை வாய்விட்டு இரண்டு தடவை படியுங்கள்.

ஆங்கிலப் படமோ தொடரோ பார்க்கிறவர்கள் ஆங்கில சப்டைட்டிலை ஓடவிட்டு, பத்து நிமிடத்துக்கு "கெட்" வருகிற இடங்களை மட்டும் கவனியுங்கள். பொருள் தெரியாத இடத்தில் நிறுத்தி, பின்னால் வருவது ஒரு பொருளின் பெயரா, தன்மையா, இடமா, மூன்றாம் உருவமா, ஆளும் "டு"வுமா என்று பாருங்கள். அது தெரிந்தால் பெரும்பாலும் அகராதி தேவைப்படாது. தேவைப்பட்டால் அந்தச் சின்னச் சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள். "கெட்" என்று மட்டும் தேடினால் அகராதி உங்களைப் பல பக்கம் அலைய விடும்.